விதைக்கும் நாளும் காக்கும் விதையும்

குளிர் மிகுந்த நாடுகளில் தோட்டம் வைப்போர் ஆண்டுதோறும் இரண்டு நாட்களைக் குறித்து வைத்துக்கொள்வது வழக்கம். ஒன்று, இளவேனிற் காலத்தில் கடைசி உறைபனி விழும் நாள். மற்றொன்று, இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி விழும் நாள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களே அவர்கள் பயிர் செய்யக் கிடைத்த காலம். முதல் எல்லைக்கு முன்னே நாற்றை நட்டால் தளிர் கருகும். இரண்டாம் எல்லைக்குள் காய் முற்றாவிட்டால் உழைப்பெல்லாம் வீணாகும்.

நம் தமிழ்நாட்டிலும் நீலகிரியில் இந்நிலை உண்டு. உதகமண்டலத்திலும், அதனை அடுத்த தலைக்குந்தா போன்ற தாழ்விடங்களிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுகின்றது. குளிர்ந்த காற்று கனமுடையதாதலின் பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஆகவே மேட்டுச் செடி பிழைக்க, பள்ளத்துச் செடி கருகுவதுண்டு. அங்குள்ள தோட்டத்தார் மென்மையான செடிகளை மூடி வைத்தும், நீர் தெளித்தும் அவற்றைக் காக்கின்றனர்.

இச்செய்தியை இராமநாதபுரம் கடற்கரையில் வாழும் உறுப்பினர்களுக்கு ஏன் எழுதுகின்றோம் என்று சிலர் வினவலாம். பாம்பனில் மார்கழி, தை மாதங்களிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. உறைபனியை நம் உழவர் கண்டதில்லை. எனினும் இரண்டு எல்லைகளுக்கு இடையே பயிர் செய்யும் நிலை நமக்கும் உண்டு. முன்னெல்லையில் நம்மை ஏமாற்றுவது பொய் மழை. பின்னெல்லையில் நம்மை அடிப்பது புயலும் பருவந்தப்பிய மழையும். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு விதைப்பையும், தோட்டத்தையும், தறிவேலையையும், சங்கத்தின் கடன் நாட்களையும் எவ்வாறு வகுத்துக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சராசரி நாள் என்பது வாக்குறுதி அன்று

நம் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். அதிற் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகின்றது. தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் கிடைப்பது காற்றும் புழுதியும் சில தூறல்களுமே. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி ஆற்றுப் பாசனமும் ஆடி மழையும் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். கிணற்று நீர் உள்ள கொல்லைக்கும் அது பொருந்தக்கூடும். மானாவாரிக் கரிசலில் அதனை அப்படியே கைக்கொண்டால் விதை மண்ணுக்கு இரையாகும். நமது பட்டம் புரட்டாசி, ஐப்பசியே.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டித் தொடங்கும் என்பது வானிலைத் துறையின் கணக்கு. இக்கணக்கை உறுப்பினர் பலரும் அறிவர். ஆனால் சராசரி என்பதன் பொருளை நன்கு உணர்ந்தவர் சிலரே. அது மழை வருகின்ற நாள் அன்று. முன்னும் பின்னுமாகச் சிதறிக் கிடக்கும் பல நாட்களின் நடுப்புள்ளியே அது. பருவமழை தொடங்கியதாக அறிவிக்கப்பட்ட நாட்களை நோக்குக: 2018இல் நவம்பர் 1, 2019இல் அக்டோபர் 16, 2020இல் அக்டோபர் 28, 2021இல் அக்டோபர் 25, 2022இல் அக்டோபர் 29, 2023இல் அக்டோபர் 21, 2024இல் அக்டோபர் 15.

இவ்வேழாண்டுகளில் முந்திய தொடக்கத்துக்கும் பிந்திய தொடக்கத்துக்கும் இடையே 17 நாட்கள். அக்டோபர் 20 என்று உறுதியாக நம்பியிருந்தவர், ஏழில் மூன்று ஆண்டுகளில் ஒரு வாரத்துக்கு மேல் வானத்தைப் பார்த்துக் காத்திருந்திருப்பார். காத்திருந்தது அவர் மட்டுமாயின் கேடில்லை. அவரது விதையும் ஏற்கெனவே முளைத்துக் காத்திருந்தால் என்னாகும்?

ஒரு சங்கத்தில் நாம் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது ஆய்வு எல்லைக்குட்பட்ட ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அப்பிழையில் நமக்கும் பங்கு உண்டு. புரட்டாசி நடுவில் இரண்டு நாள் இடியுடன் நல்ல மழை பெய்தது. உறுப்பினர்கள் மகிழ்ந்தனர். சங்கத்தில் இருந்த விதைநெல் முழுவதும் ஒரே வாரத்தில் வழங்கப்பட்டது. ‘இருப்பு இல்லை, முழுமையும் வழங்கப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதக் கண்டு, செயலாளரைப் பாராட்டிக் கையொப்பமிட்டு வந்தோம்.

பிறகு மழை நின்றது. பருவமழை தொடங்கியிருக்கவில்லை, பெய்தது வெப்பத்தால் எழுந்த இடிமழையே. முளைத்த நெல் ஒரு விரல் உயரம் வளர்ந்து, மூன்று வாரம் வெயிலில் நின்று, மஞ்சளாகிக் கருகிற்று. மெய்யான மழை வந்தபோது மண் ஆயத்தமாக இருந்தது; விதைதான் இல்லை. சிலர் வெளியில் கூடிய விலைக்கு விதை வாங்கினர். சிலர் நிலத்தைத் தரிசாக விட்டனர். கடன் மட்டும் எல்லார் பெயரிலும் நின்றது.

அவ்வூரில் ஒரு மூதாட்டியின் வயலில் பாதியில் மட்டும் பயிர் பச்சைப் பசேலென நின்றது. வியந்து விசாரித்தோம். சங்கத்தில் வாங்கிய இரண்டு மூட்டையில் ஒன்றைப் பிரிக்காமலே வைத்திருந்தாராம்.

“ஏன் ஆத்தா, எல்லாரும் விதைத்தபோது நீங்கள் மட்டும் ஏன் நிறுத்தி வைத்தீர்கள்?” என்று கேட்டோம்.

“ஒரு மூட்டை மண்ணுக்கு, ஒரு மூட்டை மானத்துக்கு, தம்பி. எங்க மாமியா காலத்திலிருந்து அப்படித்தான். ஐப்பசி பிறந்து, கண்மாய்க்குள்ளே தண்ணி தெரிஞ்ச பிறகுதான் ரெண்டாவது மூட்டையை அவிழ்ப்போம்” என்றார்.

நம் பக்கத்துப் பேச்சில் மானம் என்றால் வானம். அவர் குறித்தது அதுவோ, ஊரார் முன் காக்கவேண்டிய மானமோ, நாம் கேட்கவில்லை. சங்கத்துக்குத் திரும்பிப் பதிவேட்டைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. உறுப்பினர் விதைத்த பரப்பைக் குறிக்கும் பகுதியில் அவர் பெயருக்கு எதிரே, ‘வாங்கிய விதையை முழுதும் பயன்படுத்தவில்லை’ என்று குறை எழுதப்பட்டிருந்தது. அக்குறிப்பின் கீழும் நமது கையொப்பமே இருந்தது.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுக

இனி, செய்யவேண்டியதைக் காண்போம். முதலாவது, பயிரின் வயதை மழையின் வயதோடு பொருத்திப் பார்த்தல். மழை அக்டோபர் 30ஆம் நாள் தொடங்குகின்றது என்று கொள்வோம். 105 நாள் வயதுடைய நெல் பிப்ரவரி 12ஆம் நாளை ஒட்டி அறுவடைக்கு வரும். 135 நாள் வயதுடைய நெல்லுக்கு மார்ச் 14 ஆகும். டிசம்பர் இறுதியில் மழை ஓய்ந்துவிட்டால், முன்னதற்கு ஆறு வாரமும் பின்னதற்குப் பத்து வாரத்துக்கு மேலும் கண்மாய் நீர் வேண்டும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர்பெற்ற இராசசிங்கமங்கலம் கண்மாயைப் போன்ற பெருங்கண்மாயின் ஆயக்கட்டில் உள்ளவர் நீண்ட வயதுடைய நெல்லை எண்ணிப் பார்க்கலாம். சிறு ஊருணியும் ஏந்தலும் உடையவர் குறுகிய வயதுடையதையே நாடுதல் நலம். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் வெளியான அண்ணா 4 என்னும் இரகம் 100 முதல் 105 நாள் வயதுடையது. வறட்சியைத் தாங்கும் இயல்புடையது. நம் மாவட்டத்துப் பழைய சித்திரைக்கார் நெல்லும் இம்மண்ணையும் வானத்தையும் பழகியதே.

இரண்டாவது, விதையை உறங்கச் செய்தல். புழுதி விதைப்பில் விதை மேலாகக் கிடந்தால் சிறு தூறலுக்கே முளைத்துவிடும். கரிசலில் சோளமும் பருத்தியும் பருவமழைக்கு முன்னரே விதைப்பவர், விதையை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இடுவர். மண் ஆழமாக நனையும் வரை அவ்விதை முளைக்காது. ஆதலின் பொய் மழைக்கு ஏமாறாது. நெல் விதையை 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்துப் பின் நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால், இளம்பயிர் வறட்சியைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் உப்பு என்பது கணக்கு. செலவு சிறிது, ஒரு நாள் வேலை.

மூன்றாவது, விதையைப் பகுத்து வைத்தல். முதல் மழைக்கு முழு நிலத்தையும் விதைப்பவர் எல்லாவற்றையும் ஒரே நாளின்மேல் பணயம் வைக்கின்றார். மூன்றில் ஒரு பங்கு விதையேனும் ஐப்பசி வரை வீட்டில் இருத்தல் வேண்டும். மழை முறைப்படி பெய்துவிட்டால் அவ்விதையைப் பின்விதைப்புக்கோ, பயிர் கலைந்த இடங்களை நிரப்பவோ பயன்படுத்தலாம். உலர்வாக வைத்த விதை ஓரிரு மாதங்களில் கெட்டுவிடாது.

மிளகாயும் தீவுத் தோட்டமும்

2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய்க்கு இரண்டு எல்லைகளும் சமமாகப் பகை. புரட்டாசி, ஐப்பசியில் முளைத்த செடிக்கு இடையில் ஈரம் அறுந்தால் வாடும். கார்த்திகையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். இவற்றைத் தப்பிப் பழுத்த பின்னும் அச்சம் தீர்வதில்லை. தையிலும் மாசியிலும் களத்தில் காயும் பழத்தின்மேல் ஓர் இரவு மழை விழுந்தால் நிறம் மங்கி விலை போய்விடும். ஆகவே மிளகாய்க் கொல்லையில் வடிகாலை மழைக்கு முன்னரே வெட்டுக. உலர்களத்துக்குத் தார்ப்பாயையும் மழைக்கு முன்னரே வாங்கி வைக்க. மேகம் திரண்ட பின் தார்ப்பாய் தேடுவது பயன் தராது. மல்லியையும் வெங்காயத்தையும் கலந்து விதைக்கும் நம் பழைய முறை, ஒன்று தவறினால் ஒன்று நிற்கும் என்பதற்காகவே ஏற்பட்டது.

இராமேசுவரம் தீவில் நிலைமை வேறு. அங்கு மண் மணல், ஆறு இல்லை. மழை நீரே மணலில் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கின்றது. கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். ஆகவே அங்குத் தோட்டம் வைப்போர் தாம் பயிரிடும் பரப்பைப் பங்குனி மாதத்துக் கிணற்று நீரைக் கொண்டு அளவிட வேண்டுமேயன்றிக் கார்த்திகை மாதத்து நீரைக் கொண்டு அளவிடலாகாது. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்பும் குடும்பங்கள் இந்த அளவை நன்கறிவர்.

ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து மணலையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து உப்புத் துளியையும் காற்று கொண்டுவரும். ஆதலால் இரு புறமும் பனையோலை வேலி வேண்டும். நாளடைவில் பனை, சவுக்கு வரிசையும் வேண்டும். தென்னங்கன்றும் மல்லிகைப் பதியனும் மண் ஆழ நனைந்த பின்னரே நடுக. முருங்கையின் நீண்ட கிளைகளைப் புரட்டாசியிலேயே தறித்துவிட்டால் காற்றில் முறிவது குறையும். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் புயற்காலத்துக்கு முன் இறக்கிவிட்டால் மரத்தின் தலைச்சுமை தணியும்.

தறிக்கும் பருவம் உண்டு

பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளர்களுக்கு இவையெல்லாம் உழவர் கதையாகத் தோன்றலாம். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பதற்கு உலர்ந்த காலையும் இளவெயிலும் வேண்டும் என்பதை அவர்களே நமக்குக் கற்பித்தனர். ஐப்பசி மழையில் பாவு ஈரம் பட்டால் இழை ஒட்டும். அறுந்த இழையை முடிவதிலேயே நாள் கழியும். குழித்தறியில் நீர் ஊறினால் தறியே நின்றுவிடும். தீபாவளித் தேவையும் பருவமழையும் ஒருங்கே வரும் மாதம் அது.

ஆகவே மழை நாட்களுக்கு வேண்டிய பாவை ஆவணி, புரட்டாசியிலேயே தோய்த்துச் சுற்றி வைத்துக்கொள்ளும் குடும்பம் ஐப்பசியில் கூலி இழப்பதில்லை. இதற்கு நூல் முன்கூட்டியே கிடைக்க வேண்டும். சங்கம் நூலை ஐப்பசியில் வழங்கினால் அது காலந்தாழ்ந்த விதையை ஒக்கும். நெசவாளர் வீட்டுக் கொல்லையில் அவரையும் பாகலும் சுரையும் மேட்டுப் பாத்தியில் போட்டால், வேலை குறையும் மழை மாதங்களில் கறிச்செலவு மிஞ்சும். சாய நீரை மட்டும் அப்பாத்தியில் விடலாகாது.

பின்னெல்லையை மறவற்க

கார்த்திகைத் தீபம் முடிந்தால் மழை முடிந்தது என்று கூறுவார் உளர். தனுசுக்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு. அது மார்கழி முதல் வாரம். பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டியும் அவ்விரவில் அலையில் அழிந்தது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் ‘புரெவி’ புயல் இலங்கையைக் கடந்து வந்து, வலுக்குறைந்து, நம் கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. 2021 சனவரியில் தமிழ்நாடெங்கும் வழக்கத்துக்கு மாறான மழை பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைச் சாய்த்தது. 2024 நவம்பர் 20ஆம் நாள் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியில் இது பாதி.

இதற்கு மாறாக, 2016இல் பருவமழை அக்டோபர் 30ஆம் நாள் தொடங்கியதாக அறிவிக்கப்பட்டும் பெய்யாமலே போயிற்று. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. மிகையும் குறையும் ஆகிய இரண்டும் நம் வாசலில்தான் நிற்கின்றன. எது வரும் என்று ஆவணியில் எவராலும் கூற இயலாது. எது வந்தாலும் முழுதும் அழியாதவாறு வகுத்துக்கொள்ளுதல் நம்மால் இயலும்.

சங்கம் செய்யவேண்டுவன

தனி உறுப்பினர் விதையைப் பகுத்து வைத்தால் மட்டும் போதாது. சங்கமும் அவ்வாறே நடத்தல் வேண்டும். பின்வருவனவற்றை நிர்வாகக் குழுவினர் ஆராய வேண்டுகின்றோம்.

1. விதையை இரு தவணையாக வழங்குக. முதற்பகுதியைப் புரட்டாசித் தொடக்கத்திலும், எஞ்சியதைப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்கப்பட்ட பின்னும் கொடுக்கலாம். பதிவேட்டில் எஞ்சியதை ‘வழங்காத இருப்பு’ என்று எழுதாமல் ‘காப்பு விதை’ என்று எழுதுக.

2. கடன் மனுக்களை ஆவணிக்குள் முடித்து வைக்க. மழை வந்த பின் மனு எழுதும் உறுப்பினர் ஈரத்தைத் தவறவிடுகின்றார். நூல் வழங்கலுக்கும் இதுவே விதி.

3. சங்க வாயிலில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் காலையில் அளவு குறித்து வருக. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளையே வானிலைத் துறை மழைநாள் என்று கணக்கிடுகின்றது. பத்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால், நம் ஊருக்குரிய எல்லை நாட்கள் நம் கையெழுத்திலேயே கிடைக்கும்.

4. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க. கைபேசியில் வந்தாலும் எல்லாரும் படிப்பதில்லை.

5. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பரவலாக விதைக்கவே இயலாமற் போகும் நிலைக்கும் வழி செய்யப்பட்டுள்ளது. ஒவ்வொரு பயிருக்கும் இறுதி நாள் அறிவிக்கப்பட்டவுடன் தண்டோரா மூலம் தெரிவிக்க. இறுதி நாளன்று வரிசையில் நிற்பவரைவிட அன்று வராதவர் பலர்.

6. மிளகாய் உலர்த்தத் தார்ப்பாய்களைச் சங்கமே வாங்கி வாடகைக்கு விடலாம். ஒருவர் வாங்க இயலாததைப் பலர் கூடி வாங்குவதற்கே கூட்டுறவு ஏற்பட்டது.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. ஆவணி மாதத்துப் பேரவைக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஆறையும் பேசி முடிவு செய்துவிடலாம். அக்கூட்டத்துக்கு முதிய உறுப்பினர்களையும், வயலில் இறங்கி வேலை செய்யும் பெண் உறுப்பினர்களையும் தவறாது அழைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். மேலே கூறிய மூதாட்டி அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை; அவரைப் பேசுமாறு ஒருவரும் கேட்டதுமில்லை.

அச்சங்கத்தில் இப்போது காப்பு விதைக்கெனத் தனிப் பத்தி வரைந்திருக்கின்றனர். சென்ற ஆய்வின்போது முதல் வரியில் அவர் பெயரும், அதற்கு நேரே ‘1 மூட்டை’ என்ற குறிப்பும் இருந்தன. சரிபார்த்துக் கையொப்பமிட்டோம்.